வசனம் கேட்கவில்லை என்றால் காது மெஷினா வாங்க வேண்டும்?

அப்பாவோடு ஒரு படம் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை நான் முகநூலில் போட்ட நாலு வரிக்கு வந்த பதில்களை எல்லாம் படித்துவிட்டேன். எந்தப் படம் என்று மறுபடி சொல்லப் போவதில்லை, உங்களுக்கே தெரியும். நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: பின்னணி இசையின் இரைச்சலில் அப்பாவுக்கு வசனம் கேட்கவில்லை. படம் மோசம் என்று சொல்லவில்லை, நடிகரைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. அதற்கு வந்த பதில், "மாஸ் படம்னா அப்படித்தான் இருக்கும், உங்க அப்பாவுக்குக் காது மெஷின் வாங்கிக் கொடுங்க." அதற்கு 60 சிரிப்பு.

சரி, அப்பாவைப் பற்றியே சொல்கிறேன். தேனிப் பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸில் பதினோரு வருஷம் ஆபரேட்டராக இருந்தவர். ஃபிலிமின் ஓரத்தில் கோடாக ஓடும் ஒலித் தடத்தில் விளக்கு வெளிச்சம் பட்டு, அது போட்டோசெல்லில் விழுந்து சத்தமாக மாறும் காலம். அந்த விளக்கு கொஞ்சம் மங்கினாலும் பேச்சு கம்பளிக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிடும், கொட்டகையே "ஆபரேட்டர், சவுண்டு!" என்று கத்தும். பெண்கள் பக்கம் கடைசியில் ஒரு பையனை உட்கார வைத்திருப்பாராம். வசனம் கேட்கவில்லை என்றால் அவன் கையைத் தூக்க வேண்டும். அங்கே சுவரோரம் சாய்ந்திருக்கும் கிழவிக்குக் கேட்டால் எல்லோருக்கும் கேட்கும் என்பது அவர் கணக்கு. பாட்டுக்கு ஏற்றுவார், சண்டைக்கு ஏற்றுவார், ஆள் பேச ஆரம்பித்ததும் கை தானாக இறக்கும். அந்த மனிதருக்குத்தான் சினிமா சத்தம் எப்படி இருக்கும் என்று நீங்கள் பாடம் எடுக்கிறீர்கள்.

பின்னணி இசையே வேண்டாமா என்று கேட்கிறார்கள். நான் அப்படி எங்கே சொன்னேன்? இசை எனக்கு உயிர். ஆனால் ஒரு அம்மா சாகும்போது மகளிடம் கடைசியாக ஏதோ சொல்கிறாள், அந்த நேரத்தில் நாற்பது வயலினும் ட்ரம்ஸும் கோரஸும் ஒன்றாக ஏறினால் அவள் எதற்கு வாயைத் திறக்கிறாள்? சத்தத்தோடு சினிமா தமிழில் முதலில் வந்தபோது அதற்குப் பேரே பேசும்படம்.

தியேட்டர்காரர்கள் தப்பு என்கிறார் ஒருவர். பாதி உண்மை. வசனத்தையும் இசையையும் அளவு பார்த்துச் சேர்க்கும் மிக்ஸிங் அறையிலும் தியேட்டரிலும் வால்யூம் பத்துக்கு 7ல் இருக்க வேண்டும், அப்போதுதான் இயக்குநர் கேட்டது அப்படியே நமக்கும் கேட்கும். படம் இரைச்சலாக வருகிறது, ஜனங்கள் காதைப் பொத்துகிறார்கள், தியேட்டர்காரர் 5க்கு இறக்குகிறார். எப்படியும் இறக்குவார்கள் என்று அடுத்த படத்தை இன்னும் ஏற்றி மிக்ஸ் செய்கிறார்கள். மறுபடி இறக்கினால் அதோடு சேர்ந்து வசனமும் இறங்கிவிடுகிறது. 2024 நவம்பரில் கங்குவா வந்தபோது தயாரிப்பாளரே தியேட்டர்களிடம் இரண்டு பாயின்ட் குறைக்கச் சொன்னார். ஆஸ்கர் வாங்கிய ஒலிக்கலைஞர் ரசூல் பூக்குட்டியும் அப்போது இந்த இரைச்சலைப் பற்றி வருத்தப்பட்டு எழுதினார். அவருக்கும் காது மெஷின் வாங்கித் தருவீர்களா?

இன்னொன்று. எடிட்டிங்கில், டப்பிங்கில், மிக்ஸிங்கில் அதே வசனத்தை நூறு தடவை கேட்டவர் இயக்குநர். அவருக்கு அது மனப்பாடம், எவ்வளவு இசைக்கு அடியில் கிடந்தாலும் காதில் விழும். நமக்கு அது முதல் தடவை. இதை அந்த அறையில் யாராவது ஒருவர் எடுத்துச் சொல்லக் கூடாதா? சீரியலை எவ்வளவு கிண்டல் செய்கிறோம், கன்னத்தில் ஒரு அறை விட்டால் மூன்று இடி விழுகிறது என்று. ஆனால் என் அம்மா அடுப்படியில் தாளித்துக்கொண்டே ஒரு வசனம் விடாமல் கேட்கிறாள். பார்க்கிறவர்கள் வேலைக்கு நடுவில் கேட்கிறார்கள் என்று சீரியல் எடுப்பவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த அக்கறை 200 ரூபாய் கொடுத்து உட்காருகிறவர் மேல் வேண்டாமா?

ஓடிடியில் சப்டைட்டில் போட்டுப் பாருங்கள் என்றும் ஒருவர் அறிவுரை. தமிழ்ப் படம், தமிழ் நடிகர்கள், தமிழ்நாட்டுத் தியேட்டர். நான் எதற்கு அடியில் ஓடும் ஆங்கிலத்தைப் படிக்க வேண்டும்?

அன்றைக்குப் படம் முடிந்து பைக்கில் வரும்போது அப்பா கேட்டார், "அந்தப் பொம்பள கடைசியா என்னடா சொல்லுச்சு?" எனக்கும் கேட்கவில்லை என்று சொன்னேன். நான் சும்மா ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார் போல. மறுநாள் விடிகாலையில் எழுந்து வந்து பார்த்தால் கூடத்தில் சுவர்க்கடிகாரத்துக்குக் கீழே தலையைச் சாய்த்து நின்றுகொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும், "கேட்குதுடா" என்றார்.

அந்தக் காது மெஷின் பின்னூட்டத்தை நேற்று ராத்திரி நான்தான் அழித்தேன். பதில் சொல்லப் பயந்து அழித்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பாவும் முகநூலில் இருக்கிறார், என் பதிவுகளை ஒன்று விடாமல் படிப்பார். அதனால்தான் அழித்தேன்.