கூஸ் வாத்து வாயில் எண்ணெய் ஊற்றச் சொல்லும் வாய்ஸ் நோட் தப்பு

சென்னையில் வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் நோட் சுற்றுகிறது: கூஸ் வாத்து சோர்ந்து உட்கார்ந்தால், பூண்டு தட்டிப்போட்ட நல்லெண்ணெயை வாயைப் பிளந்து ஊற்றினால் காலையில் எழுந்துவிடுமாம். தப்பு. அது சீறும்போது வாய்க்குள் பாருங்கள், நாக்குக்குப் பின்னாலேயே சின்னதாக ஒரு பிளவு திறந்து மூடும், அதுதான் மூச்சுக்குழல் வாசல், ஊற்றுகிற எண்ணெய் அதில் இறங்கினால் நுரையீரல் கெட்டு, பிழைக்க வேண்டியதும் செத்துப்போகும்.

சரி, என்ன செய்வது? மற்றவற்றிலிருந்து பிரித்து, காய்ந்த கதகதப்பான இடத்தில் வைக்கோல் மேல் விடுங்கள், மூக்குத் துளை முங்குகிற ஆழத்தில் தண்ணீர் வையுங்கள், அதுவே குடிக்கட்டும். அப்புறம் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தூக்கிப் போங்கள் (கடிக்கும், கூட ஒரு ஆள் வேண்டும்). நான் சொல்வதில் சந்தேகமிருந்தால் அங்கேயே கேளுங்கள், இல்லை கால்நடை மருத்துவ உதவி எண் 1962-க்கு போன் போடுங்கள். அந்த வாய்ஸ் நோட்டை மட்டும் இனி யாருக்கும் ஃபார்வர்ட் பண்ணாதீர்கள்.