மேய்ப்பர்கள் வாய்மூடி இருக்கவில்லை
கிறிஸ்மஸ் விசுவாசம் மௌனத்தில்தான் வளரும், வீடு வீடாகப் பாடிப் போகும் கரோல் வெறும் ஆரவாரம் என்கிறார் இங்கே வந்த கட்டுரையை எழுதியவர். மரியாள் எல்லாவற்றையும் மனதில் வைத்துச் சிந்தித்தாள் என்ற லூக்கா 2:19ஐத் துணைக்கு அழைப்பவர், இரண்டு வசனம் முன்னால் மேய்ப்பர்கள் குழந்தை இயேசுவைப் பற்றித் தாங்கள் கேள்விப்பட்டதை மற்றவர்களுக்கு அறிவித்ததை ஏன் விட்டுவிட்டார்? அவர்களும் எங்கள் தோட்டத்தாரைப் போல உழைப்பவர்கள், இரவில் மந்தை காத்தவர்கள்தானே! இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், பகலெல்லாம் கொழுந்து பறித்த பெண்கள் இரவுப் பனியில் தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்கள் தோறும் கரோல் பாடிப் போவார்கள். சைவ வீடுகளிலும் கதவு திறக்கும், பிளேன்டீ வரும். எழுத்தறியாத ஒரு பாட்டி, தாளைப் பார்த்துப் பாடிய எங்கள் பிள்ளைகள் விழுங்கிய அடியை எடுத்துக் கொடுத்தார். மௌனமாக இருந்திருந்தால் அந்தப் பாட்டிக்கு அந்த அடி எப்படிக் கிடைத்திருக்கும்? கரோலுக்கு ஒலிபெருக்கி வேண்டாம் என்று ஒரு வாசகர் சொன்னது நியாயம். அதை நிறுத்தச் சொன்னால் நானும் கையெழுத்திடுகிறேன்.