எஞ்சின் சத்தம் மார்லினை விரட்டுமா?

மாலத்தீவு, மொரிஷியஸ் என்று மார்லின் போன்ற பெரிய மீனுக்குக் கிளம்பும் சிங்கப்பூர்த் தூண்டில்காரர்களிடையே ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது: “எஞ்சின் சத்தத்துக்கு மீன் ஓடிவிடும், போலி இரைகளை 200 மீட்டர் பின்னால் விடுங்கள்.” இது தவறு.

டிரோலிங்கில், அதாவது ஓடும் படகின் பின்னால் இரைகளை இழுத்து மீன் பிடிக்கும் முறையில், படகு சுமார் 6 முதல் 9 நாட் (மணிக்கு 11 முதல் 17 கி.மீ.) வேகத்தில் ஓடும். படகின் பின்னால் எழும் அலைகளின் முகப்பில்தான் இரைகளை வைப்பார்கள். முதல் இரை பெரும்பாலும் 20 மீட்டருக்குள்ளேயே ஓடும். அது மேலே வந்து காற்றைக் கவ்வி, மறுபடி உள்ளே பாய்ந்து, பின்னால் குமிழிக்கோடு ஒன்றை இழுத்துச் செல்லும். எவ்வளவு அழகான வேலை அது! மார்லினும் மயில்மீனும் படகின் நுரைக்குள்ளேயே ஏறி வந்து அதை அடிக்கும்.

ஓர் இரையை மட்டும் தொலைவில் விடுவது உண்டு, சரி. எல்லாவற்றையும் 200 மீட்டருக்கு விட்டால் நைலான் தூண்டில் நரம்பு இழுபட்டுக் கொடுக்கும், கொக்கி ஆழமாக ஏறாது.