“உங்களுக்கு இங்க ஓட்டு இருக்கா?”

எங்கள் வார்டு கூட்டத்தில் அண்ணன் இப்படிக் கேட்கிற அந்த வீடியோவை தயவுசெய்து இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். நான் அதை நேரிலேயே பார்த்தேன். மூன்றாவது வரிசையில், அவர்கள் கொடுத்த ரோஸ்மில்க்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மகான் நான்தான். வாயைத் திறக்கவில்லை. மூன்று நாளாக உறுத்துகிறது.

தேர்தல் தேதி இன்னும் வரவில்லை. 2022 மார்ச்சில் பதவியேற்ற சென்னை மாநகராட்சி மாமன்றத்துக்கு ஐந்து வருடம் என்று கணக்குப் போட்டு, கவுன்சிலர் தேர்தலில் நிற்கப்போகும் அண்ணன் இப்போதே நோட்டீஸ் அடித்துவிட்டார். சுறுசுறுப்பு நல்லதுதான். அயனாவரத்தில் எங்கள் வார்டுக்குப் பத்து முன்னுரிமைகளாம். முதலாவது, தெருமுனையில் அலங்கார வளைவு. இரண்டாவது, செல்ஃபி பாயிண்ட். மூன்றாவது கேமரா. அப்புறம் பூங்காவில் நீரூற்று, ஷட்டில் கோர்ட்... பத்தாவது வரை விரலை வைத்துத் தேடினேன். சாக்கடை என்ற சொல்லே இல்லை. மாதத்தில் பாதி நாள் மேன்ஹோல் மூடிமேல் செங்கல் அடுக்கி, அதில் கால் வைத்துத் தாண்டிப் போகிற தெருவுக்கு நீரூற்று! அது எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறதே அண்ணே, நடுரோட்டிலேயே.

நான் கேட்பது ஒன்றுதான். முதலில் குழாய், அப்புறம் வளைவு.

“ஏரியா வளர்கிறது, பொறாமையா?” என்று இதற்கு ஒருவர் கேட்டிருக்கிறார். வளர்வது எனக்கும் தெரிகிறது. 2019-ல் வந்த கட்டட விதிகளில் எஃப்.எஸ்.ஐ., அதாவது மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு, ஒன்றரையிலிருந்து இரண்டாக உயர்ந்தது. ஒரு கிரவுண்டில், அதாவது 2,400 சதுர அடி மனையில், முன்பு 3,600 சதுர அடி கட்டலாம் என்றால் இப்போது 4,800. மாதவரம்-சிறுசேரி மெட்ரோ வேறு நம் காலுக்குக் கீழே வருகிறது. ஸ்டேஷன் திறந்தால் மிச்சமிருக்கும் ஓடு போட்ட வீடுகளும் போய்விடும். மேலே இவ்வளவு ஏற்றுகிறோமே, கீழே இருக்கும் குழாயை யாராவது கேட்டார்களா? தெரு அதே தெரு, குழாய் என் அப்பா காலத்துக் குழாய்.

“நீ மட்டும் ஃபிளாட்டில் இல்லையா?” இருக்கிறேன். மறைக்கவில்லை. அப்பா வாங்கிய அரை கிரவுண்டில் கொல்லைப்பக்கம் ஒரே ஒரு கழிப்பறை இருந்தது. பில்டரிடம் கொடுத்தோம். இப்போது நாலு ஃபிளாட், எட்டு கழிப்பறை. கீழே இரண்டு கார் நிறுத்தத்தான் இடம். மிச்ச இரண்டும் தெருவில். போன மாதம் ராத்திரி அடைப்பு எடுக்கிற லாரி தெருமுனை வரை வந்து, உள்ளே நுழைய வழியில்லாமல் திரும்பிப் போனது. வழியை அடைத்து நின்றது என் கார்தான். போதுமா? நான் யோக்கியன் என்று சொல்லவில்லை. முதலில் குழாய் என்றுதான் சொல்கிறேன்.

அடுத்த கேள்வி கொஞ்சம் நியாயமானது. கழிவுநீர் குடிநீர் வாரியத்தின் வேலை, கவுன்சிலர் என்ன செய்வார்? சரி. வாரியம் 1978-லிருந்தே தனி அமைப்பு. கவுன்சிலர் கையெழுத்துப் போட்டுக் குழாய் மாற்ற முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாமன்றத்தில் எழுந்து கேட்கலாம், மண்டலக் கூட்டத்தில் வாரிய அதிகாரியை உட்கார வைத்துப் பதில் வாங்கலாம். ஏரியா மக்கள் கூடிக் குறை சொல்ல 2022 நவம்பரில் தொடங்கிய பகுதி சபா வேறு இருக்கிறது. எங்கள் பக்கம் அது எப்போது நடந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு தேதி சொல்கிறார்கள், அது வேறு கதை. மழைநீர் வடிகால் மாநகராட்சியின் பொறுப்புதானே? அதில் கழிவுநீரைத் திருட்டுத்தனமாக இணைத்திருப்பவர்கள் யார் என்று தெருவுக்கே தெரியும். அது நேராக ஓட்டேரி நல்லா கால்வாயில் போய் விழுகிறது. அதைக்கூட நோட்டீசில் பதினோராவதாகப் போட முடியாதா? வளைவுக்கு மட்டும் எல்லா அதிகாரமும் இருக்கிறதாக்கும்.

சரி, இதெல்லாம் கோபமே இல்லை. நோட்டீஸ் என்றால் அப்படித்தான் இருக்கும். கோபம் அந்த ஒரு கேள்விக்கு.

எங்கள் தெருவில் இஸ்திரி போடும் அக்கா எழுந்தார். அத்தனை பேரில் நோட்டீசைத் திருப்பிப் படித்தவர் அவர் ஒருவர்தான். “அண்ணே, தண்ணி நாறுது, வண்டிகிட்ட நிக்க முடியல, இதுல ஒண்ணும் போடலியே” என்றார். அவ்வளவுதான். அண்ணன் சிரித்துக்கொண்டே கேட்டார்: “உங்களுக்கு இங்க ஓட்டு இருக்கா?” முன்வரிசை சிரித்தது. வீடியோவில் சிரிப்பு பாதியில் வெட்டப்பட்டிருக்கிறது. நேரில் நீளமாக இருந்தது.

அக்காவுக்கு ஓட்டு பெரும்பாக்கத்தில். அது அவர் கேட்டு வாங்கியதா? கால்வாய்க் கரையிலிருந்து குடும்பத்தோடு பெயர்த்துக்கொண்டு போய் 25 கிலோமீட்டருக்கு அப்பால் அடுக்குமாடியில் விட்டார்கள். துணி அங்கே இல்லை, வாடிக்கை அங்கே இல்லை. திரும்பி வந்து, இதே ஏரியாவில் ஒற்றை அறைக்கு வாடகை கொடுக்கிறார். ஊருக்கு அவர் சட்டைக் காலர் தேய்க்க வேண்டும், ஆனால் கேள்வி கேட்க மட்டும் அவர் வெளியூர்.

“சட்டப்படி அண்ணன் கேட்டது சரிதானே, ஓட்டு உள்ளவர்களுக்குத்தானே கவுன்சிலர்?” என்று ஒரு வக்கீல் நண்பர். ஐயா, 2022-ல் சொத்து வரி ஏறியபோது எங்கள் பக்கத்தில் எத்தனை ஓனர்கள் அதைச் சொல்லியே வாடகையை ஏற்றினார்கள் தெரியுமா? வரியை வாடகைக்காரர் தலையில் கட்டும்போது அவர் உள்ளூர். ஓட்டு உள்ளவர்கள் என்ன கிழித்தோம், அதையும் பேசலாம். 2022 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் தமிழ்நாடு முழுக்க 60 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டபோது சென்னையில் சுமார் 43. முன்வரிசையில் சிரித்தவர்களில் எத்தனை பேர் விரலில் மை இருந்தது என்று கேட்க ஆசை.

எனக்கு ஏன் இவ்வளவு சுடுகிறது என்று மனைவி கேட்டாள். சொல்கிறேன்.

நாங்கள் இந்த வீட்டை வாங்கும் முன் அயனாவரத்துக்குள்ளேயே ஏழு வீடு மாறினோம். அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில். ஒரு ஓனரம்மா அடிபம்பின் கைப்பிடியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துக்கொள்வார். காலையில் அரை மணி, சாயங்காலம் அரை மணி மட்டும் வெளியே வரும். ஒரு நாள் தெருக்கூட்டத்தில் லாரித் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று அப்பா கேட்டார். “குடக்கூலிக்கு இருக்கறவங்க எல்லாம் பேச ஆரம்பிச்சா எப்படி” என்றார் ஒருவர். அப்பா சட்டை நுனியை இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எனக்குப் பத்து வயது, பக்கத்தில் இருந்தேன். அன்று அவர் எப்படி உட்கார்ந்தாரோ, அப்படியேதான் இந்த அக்காவும் உட்கார்ந்தார். முந்தானையைச் சரிசெய்துகொண்டு.

இப்போது நான் ஓனர். ரோஸ்மில்க்கோடு மூன்றாவது வரிசை.

“நீயே நிற்க வேண்டியதுதானே?” என்று கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு: இல்லை, எனக்கு அந்தத் தெம்பு இல்லை. தெம்பில்லாதவன் கேட்கக் கூடாதா? இதற்கும் ஓட்டு இருக்கா என்று கேட்பீர்களா?

நேற்று துணி வாங்கப் போனபோது அக்கா அந்தக் கூட்டத்தைப் பற்றி எதுவும் பேசவில்லை. சில்லறை எண்ணிக் கொடுத்துவிட்டு, “தம்பி, ஓட்ட இங்க மாத்தணும்னா என்ன ஃபாரம்?” என்று கேட்டார். படிவம் 8 என்றேன். முகவரிக்கு அத்தாட்சி வேண்டும், பதிவு செய்த வாடகை ஒப்பந்தமோ கரண்ட் பில்லோ என்றேன். ஒப்பந்தமெல்லாம் போடவில்லையாம், ஓனரிடம் கரண்ட் பில் நகல் கேட்டுத் தர முடியுமா என்றார்.

இன்று சாயங்காலம் போய்க் கேட்கப்போகிறேன். அந்த ஓனர் அன்று முன்வரிசையில் இருந்தார்.