14 காரட் தாலி

சுதந்திரச் சந்தைன்னு வாயைத் திறந்தாலே "முதலாளிக்கு வக்காலத்தா?"ன்னு முதல் கமெண்ட் வந்துடும். நான் இந்தப் பக்கம் சாஞ்சது எந்தப் பொருளாதார மேதையையும் படிச்சுட்டு இல்ல. தாத்தா கதையைக் கேட்டுத்தான்.

தாத்தா நகை ஆசாரி. குமுட்டி அடுப்பு, ஊதுகுழல், ஒரு சின்னத் தராசு, அவ்வளவுதான் பட்டறை. 1963 ஜனவரியில தங்கக் கட்டுப்பாடு வந்தது. சீனப் போர் முடிஞ்ச நேரம். அந்நியச் செலாவணி கரையுது, கடத்தல் தங்கம் குவியுது, ஜனங்களோட நகை ஆசையைக் குறைச்சா எல்லாம் சரியாயிடும்னு நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் கணக்குப் போட்டார். இனி புது நகை 14 காரட்டுக்கு மேல கூடாது. அதாவது நூத்துக்கு 58 பங்குதான் தங்கம்.

22 காரட்ல பழகின கைக்கு அந்த உலோகம் வளையவே இல்லையாம். கம்பி இழுத்தா அறுந்துடும்னு சொல்வார். தாலி செய்ய வந்த ஒரு குடும்பம் அந்த நிறத்தைப் பார்த்துட்டு ஒரு வார்த்தை பேசாம எழுந்து போயிடுச்சாம். அன்னைக்கு முழுக்க அடுப்பே மூட்டலையாம்.

நாடு முழுக்க ஆசாரிகள் வேலை இழந்தாங்க. தற்கொலைகள்கூட நடந்தது. ஜனங்க தங்கம் வாங்குறதை நிறுத்தினாங்களா? துபாயிலேர்ந்து படகுல வந்ததை வாங்கினாங்க. சட்டத்தால கொழிச்சவன் கடத்தல்காரன் மட்டும்தான்.

14 காரட் விதியை 1966லயே எடுத்துட்டாங்க. ஆனா 1968ல தனிச் சட்டமே போட்டு லைசென்ஸ், கணக்கு நோட்டு, சோதனைன்னு 1990 வரைக்கும் இழுத்தாங்க. வேடிக்கை என்னன்னா, விதியைக் கொண்டுவந்தவர் காங்கிரஸ்ல வலதுசாரின்னு பேர் வாங்கினவர். சட்டத்தை நீக்கினப்போ நிதியமைச்சரா இருந்த மது தண்டவதே பழுத்த சோஷலிஸ்ட்!

"அப்போ 2021ல வந்த கட்டாய ஹால்மார்க்கையும் எதிர்ப்பியா?"ன்னு கேட்பீங்க. மாட்டேன். என் தாராளவாத நண்பர்கள் திட்டட்டும். 22 காரட்னு சொல்லி 18ஐ விக்காதேன்னு கடைக்காரன்கிட்ட சொல்றது வேற. உனக்கு 14 போதும்னு என்கிட்ட சொல்றது வேற. முதலாவது திருட்டைத் தடுக்குறது. ரெண்டாவது என் வீட்டுக் கல்யாணத்துல வந்து உட்கார்றது.

அப்புறம் சந்தை எங்களை வாழவெச்சுதான்னா, அதுவும் இல்ல. மெஷின் நகை வந்தது, பட்டறை போச்சு. ஆனா அதுல தாத்தா யாரையும் சபிச்சதில்ல. மொரார்ஜி பேரைச் சொன்னா மட்டும் எழுந்து வெளிய போய்த் துப்பிட்டு வருவார்.

அந்த வருஷம் அவர் செஞ்ச 14 காரட் மோதிரம் ஒண்ணு இன்னும் அம்மாகிட்ட இருக்கு. ஒரு தடவை அடகுக்கு எடுத்துட்டுப் போனோம். கடைக்காரர் உரைகல்லுல ஒரு தேய் தேய்ச்சுப் பார்த்துட்டு, அப்படியே திருப்பிக் கொடுத்துட்டார்.