சுஷ்மா வாங்கிய வக்காலத்து

சுஷ்மா ஸ்வராஜின் கட்சியான பா.ஜ.க.வுக்கு நான் ஒரு தடவைகூட ஓட்டுப் போட்டதில்லை. இனியும் போடப் போவதில்லை. வெளியுறவு அமைச்சராக இருந்து மறைந்த அவரைப் பற்றி எழுதினால் நண்பர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

அம்பாலாக்காரர். சண்டிகரில் சட்டம் படித்து, 1973-ல் உச்ச நீதிமன்றத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். இரண்டே வருடத்தில் எமர்ஜென்சி. பெரிய மனிதர்களே வாயைத் திறக்கப் பயந்த நேரம். எமர்ஜென்சியை எதிர்த்து வெடிவைக்கச் சதி செய்ததாகப் போட்ட பரோடா டைனமைட் வழக்கில் சிக்கிய சோஷலிஸ்ட் தலைவர் ஜார்ஜ் பெர்னாண்டஸுக்காக வாதாடிய வக்கீல் குழுவில் போய் நின்றது இந்த இளம்பெண். ஜார்ஜ் சிறையிலிருந்தபடியே பீகாரின் முசாபர்பூரில் போட்டியிட்டபோது, கையில் விலங்கோடு அவர் நிற்கும் படத்தைக் காட்டி அங்கே ஓட்டுக் கேட்டார். அதே 1977-ல் ஹரியானா சட்டமன்றத்துக்கு ஜெயித்து, தேவிலால் அமைச்சரவையில் தொழிலாளர் துறை. வயது 25. அப்பா பேரையோ மாமனார் பேரையோ சொல்லி வாங்கிய நாற்காலி இல்லை அது.

அதற்குப் பிறகு கட்சி அவரை என்ன செய்தது? 1998-ல் வெங்காய விலை டெல்லியைப் பற்ற வைத்திருந்த சமயம் முதலமைச்சர் ஆக்கினார்கள். டெல்லியின் முதல் பெண் முதல்வர். இரண்டு மாதம்கூட முழுசாக இல்லை. மறுவருடம் காங்கிரஸ் கோட்டையான பெல்லாரியில் சோனியாவுக்கு எதிராக நிறுத்தினார்கள். கன்னடம் கற்றுக்கொண்டு மேடையில் பேசினார். 56 ஆயிரம் சொச்சம் ஓட்டில் தோற்றார். கஷ்டமான இடத்துக்கெல்லாம் அவர். மகுடம் சூட்டும் நாளில் வேறு யாரோ. இந்த ஆதங்கம் எனக்கு இன்றும் உண்டு.

2014-ல் வெளியுறவுத் துறை. பெரிய முடிவுகள் பிரதமர் அலுவலகத்தில்தான் என்று டெல்லியே பேசியது. மிச்சமிருந்ததை அவர் கையில் எடுத்தார்: பாஸ்போர்ட் தொலைத்தவர், சம்பளம் கிடைக்காமல் வளைகுடாவில் மாட்டிக்கொண்டவர், உடலை ஊருக்குக் கொண்டுவர வழியில்லாத குடும்பம். ட்விட்டரில் கேட்டால் பதில் வரும். செவ்வாய்க் கிரகத்தில் சிக்கினாலும் அங்குள்ள இந்தியத் தூதரகம் உதவும் என்று எழுதினாரே, அது எத்தனை வீட்டுக்குத் தெம்பு! அமைச்சர் பதில் போட்டால்தான் வேலை நடக்கும் என்றால் அது நிர்வாகமா என்று கேட்பவர்களுடைய கேள்வி நியாயம்தான். ஆனால் மனுவை வாங்கிப் படிக்கும் அந்த வக்கீல் குணம் எத்தனை அமைச்சர்களிடம் இருக்கிறது?

எல்லாவற்றையும் நான் மன்னிக்கவில்லை. சோனியா பிரதமரானால் மொட்டை அடித்துக்கொள்வேன் என்று 2004-ல் அவர் சொன்னது அவருக்கு அழகில்லை. ஈராக்கின் மோசூலில் ஐ.எஸ். தீவிரவாதிகளிடம் பிடிபட்ட 39 இந்தியத் தொழிலாளர்கள் விஷயம் அதைவிடப் பெரிது. 2014-லிருந்து அந்தக் குடும்பங்களுக்கு நம்பிக்கை சொல்லிக்கொண்டே இருந்து, 2018-ல் நாடாளுமன்றத்தில் எழுந்து அத்தனை பேரும் இறந்துவிட்டார்கள் என்றார். அந்த நாலு வருடத்தை அந்தத் தாய்மார்களுக்கு யார் திருப்பித் தருவது?

2019 ஆகஸ்ட் 6. பாகிஸ்தானில் மரண தண்டனை விதிக்கப்பட்ட இந்தியர் குல்பூஷண் ஜாதவ் வழக்கைச் சர்வதேச நீதிமன்றத்தில் 1 ரூபாய் ஃபீஸுக்கு நடத்திய ஹரிஷ் சால்வேயிடம் ராத்திரி போனில் பேசுகிறார். நாளை ஆறு மணிக்கு வந்து உங்கள் ரூபாயை வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார். கொஞ்ச நேரத்தில் மாரடைப்பு. அந்த நாளை அவருக்கு வரவில்லை. செப்டம்பரில் அவருடைய மகள் பான்சுரி, அவரும் வக்கீல்தான், சால்வேயைப் போய்ப் பார்த்து அந்த ஒற்றை நாணயத்தைக் கொடுத்துவிட்டு வந்தார்.