ஜார்ஜ் ஹெர்பர்ட்டின் தூண்டில்

பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் ஜார்ஜ் ஹெர்பர்ட் என்றதும் ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு ஒரு புனிதரின் முகம்தான் ஞாபகம் வரும். மெலிந்த உடம்பு, சாந்தமான பேச்சு, பக்திக் கவிதைகள், 39 வயதில் காசநோயில் சாவு. இந்த முகத்தைச் செதுக்கியவர் ஐசக் வால்டன். ஹெர்பர்ட் இறந்து 37 வருஷம் கழித்து, 1670-இல் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதினார். வால்டன் அவரோடு பழகியவர்கூட இல்லை. கேட்டதையும் விரும்பியதையும் சேர்த்து ஒரு மகானை நமக்குக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த மகானிடம் எனக்குப் பெரிய ஈடுபாடு கிடையாது. எனக்குப் பிடித்த ஹெர்பர்ட் வேறு ஆள். ஊரை எடைபோடத் தெரிந்தவர், மனுஷர்கள் எதற்குக் கோபித்துக்கொள்வார்கள் என்று கணக்குப் போட்டு வைத்திருப்பவர், தேவைப்பட்டால் தந்திரமும் செய்கிறவர். அவரைக் கவிதைகளில் தேடினால் சட்டென்று கிடைக்க மாட்டார். ‘தி கன்ட்ரி பார்சன்’ என்ற சின்ன உரைநடை நூலில் இருக்கிறார். ஒரு கிராமத்துக் குருவானவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று 37 குட்டி அதிகாரங்களில் சொல்லும் கைநூல் அது.

அவர் எங்கிருந்து அந்தக் கிராமத்துக்கு வந்தார் என்பதைப் பார்த்தால்தான் நூலின் ருசி தெரியும். 1593-இல் வேல்ஸின் மான்ட்கோமரியில் செல்வாக்கான குடும்பத்தில் பிறந்தவர். அண்ணன் எட்வர்ட் தத்துவம் எழுதியவர், பிரான்சுக்குத் தூதராகப் போனவர். அம்மா மக்தலேன் இறந்தபோது, 1627-இல், நினைவுப் பிரசங்கம் செய்தவர் கவிஞரும் குருவானவருமான ஜான் டன். ஹெர்பர்ட் 1620-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஒரேட்டர் ஆனார். மன்னருக்கும் பிரபுக்களுக்கும் லத்தீனில் கடிதம் எழுதுவது, அவர்கள் வந்தால் வரவேற்புரை நிகழ்த்துவது, அதுதான் வேலை. அவருக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர்கள் அரசுப் பதவிகளுக்கு ஏறிப் போனார்கள். இவரும் 1624-இல் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தார். ஆனால் 1630-இல் குருவானவராகப் போய்ச் சேர்ந்த இடம் சால்ஸ்பரிக்குப் பக்கத்தில் பெமர்ட்டன் என்கிற ஒரு சிற்றூர். அங்கே மூன்று வருஷம்கூட முழுசாக இருக்கவில்லை. 1633 மார்ச் 1 அன்று இறந்துபோனார்.

அரசவைக்கு என்று தீட்டி வைத்த புத்தியை ஒரு ஆள் கிராமத்தின் மேல் திருப்பினால் என்ன ஆகும்? இந்த நூல் ஆகும்.

விருந்து பற்றிய பகுதியைப் பாருங்கள். குருவானவர் வருஷத்துக்குள் சபையில் எல்லோரையும் முறைவைத்துச் சாப்பிடக் கூப்பிட்டுவிட வேண்டும் என்கிறார். ஏன்? கிராமத்து ஜனங்கள் இந்த விஷயத்தில் ரொம்பக் கவனமானவர்கள். கூப்பிடவில்லை என்றால் நம்மை வெறுக்கிறார் என்றே முடிவு செய்துவிடுவார்கள். அந்த எண்ணம் விழுந்த மனசுக்குள் அப்புறம் எந்தப் போதனையும் நுழையாது. கல்யாணப் பத்திரிகை வைக்கவில்லை என்று பத்து வருஷம் பேசாமல் இருக்கும் பெரியப்பாக்களைப் பார்த்த நமக்கு இதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை.

வீடு சந்திப்பு பற்றி எழுதியது இன்னும் கூர்மை. வாரநாள் மத்தியானங்களில்தான் போக வேண்டும் என்கிறார். அப்போதுதான் ஜனங்கள் வேலையில் புரண்டுகொண்டு, உள்ளபடி இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒழுங்காக இருப்பது சுலபம். பண்டிகை உடுப்பைப் போல ஒழுக்கத்தையும் மாட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். அதிலேயே இன்னொன்றும் சொல்கிறார்: எவ்வளவு ஏழையின் குடிசையானாலும், ஊர்ந்துதான் நுழைய வேண்டியிருந்தாலும், உள்ளே எவ்வளவு நாறினாலும் போக வேண்டும். இந்த நாற்றத்தை எழுதியவர் பிரபுக் குடும்பத்துப் பிள்ளை என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வெறும் உபதேசமாக எழுதுகிறவருக்கு அந்த மூக்கு இருக்காது.

பிரசங்கம் ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்கிறார். அதற்குள் பயனடையாதவன் அதற்கு மேல் இன்னும் குறைவாகத்தான் அடைவானாம். (நம் சி.எஸ்.ஐ. சபைகளும் ஹெர்பர்ட் இருந்த இங்கிலாந்துத் திருச்சபையின், அதாவது ஆங்கிலிக்கன் மரபின், வாரிசுகள்தான். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.) வேத வசனத்தைப் பொடிப்பொடியாக நொறுக்கி, ஒவ்வொரு துணுக்குக்கும் வியாக்கியானம் சொல்லும் பாணி அவருக்குப் பிடிக்காது. ஜனங்களுக்குக் கதையும் பழமொழியும் மனசில் நிற்கும், புத்திமதி நிற்காது என்பது அவர் கட்சி. ஞானோபதேசத்தைக் கேள்வி பதிலாகத்தான் நடத்த வேண்டும் என்பதற்கு அவர் சொல்லும் காரணம் ஒரு வாத்தியாரின் காரணம்: பிரசங்கத்தில் தூங்கலாம், ஜெபத்தில் மனசு அலையலாம், ஆனால் கேள்வி கேட்டால் ஆள் தன்னைக் காட்டியே ஆக வேண்டும்.

இதுவரைக்கும் எனக்குக் கொண்டாட்டம்தான். 12-ஆம் அதிகாரத்தில்தான் மூக்குடைபட்டேன். தலைப்பு, குருவானவரின் தர்மம்.

பின்னணி இது. 1601-ஆம் வருஷத்து ஏழையர் சட்டப்படி ஒவ்வொரு சேகரமும் (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள ஊர்ப்பகுதி) தன் ஏழைகளைத் தானே பராமரிக்க வேண்டும். ஹெர்பர்ட் அந்தச் சட்டத்தை அருமையான சட்டம் என்கிறார், வசதியுள்ள சபையை வற்புறுத்தியாவது அதை நிறைவேற்றச் சொல்கிறார். சரி. ஆனால் தன் கையிலிருந்து கொடுக்கும்போது யாருக்கும் நிரந்தரமாக இவ்வளவு என்று வைக்கக் கூடாதாம். வைத்தால் நாளடைவில் ஏழைகள் அதைத் தர்மம் என்று நினைக்காமல் தங்களுக்கு வரவேண்டிய கடன் என்று எண்ணிவிடுவார்களாம். அதனால் அவர் தன் தர்மத்தைத் தூண்டிலாக்குகிறார். இது என் வர்ணனை இல்லை, அவரே சொல்வது. எப்போது கிடைக்கும் என்று வாங்குகிறவருக்குத் தெரியாது, கொடுக்கிறவருக்கு மட்டும் தெரியும். அப்படி இருந்தால் அவர்கள் எப்போதும் இவரையே நம்பி இருப்பார்கள், கடவுளை அதிகம் துதிப்பார்கள், சோம்பேறியாகாமல் உழைப்பார்கள்.

அதோடு விடவில்லை. கொடுப்பதற்கு முன் ஜெபம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள் எல்லாம் சொல்லச் சொல்வார். யார் பிழையில்லாமல் சொல்கிறார்களோ அவர்களுக்குக் கூடுதல். மற்றவர்கள் கொடுப்பது உலகத்தார் கொடுப்பது, இப்படிக் கொடுப்பதுதான் குருவானவர் கொடுப்பது என்று பெருமை வேறு.

ஒரு காட்சியாக யோசித்துப் பாருங்கள். ஒரு கிழவி வாசலில் நிற்கிறாள், பசி. உள்ளே லத்தீன் கரைத்துக் குடித்த மனுஷர். ஆறாம் கட்டளையும் ஏழாம் கட்டளையும் இடம் மாறிப் போனால் அன்றைக்கு அவளுக்கு ஒரு காசு குறையும். அவர் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் என்று ஹெர்பர்ட் அபிமானிகள் சொல்வார்கள். பிச்சைக்காரர்களைச் சோம்பேறி என்று திட்டுவது அன்றைய இங்கிலாந்தில் பொது வழக்கம்தான், ஒப்புக்கொள்கிறேன். சோம்பல்தான் தேசத்தின் பெரிய பாவம் என்று இவரும் இதே நூலில் எழுதுகிறார். ஆனால் ஏழைகளை நிச்சயமின்மையிலேயே வைத்திருப்பதை ஒரு உத்தியாக, இவ்வளவு தெளிவாக, வெட்கமில்லாமல் எழுதி வைக்க ஒரு தனித் திறமை வேண்டும். அது அரசவையில் கற்றது என்பது என் ஊகம். மன்னரின் தயவு எப்போது வரும் என்று தெரியாமல் கைகட்டி நிற்பது எப்படியிருக்கும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். நின்று பார்த்தவர் அவர். அதையே பெமர்ட்டன் ஏழைகளுக்குச் செய்யச் சொல்கிறார்.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அதே அதிகாரத்தில், கண்ணெதிரே தெரியும் துன்பத்துக்கு எந்தச் சட்டமும் கிடையாது, அதற்குத் தனிச் சலுகை உண்டு என்றும் எழுதுகிறார். தூண்டில் போட்டவரே அதன் கயிற்றை ஓரிடத்தில் அறுத்தும் விடுகிறார்.

நான் அவரைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் அந்த ஒரு வாக்கியம் மட்டும் அல்ல. அவருடைய கவிதைத் தொகுப்பான ‘தி டெம்பிள்’ நூலின் முக்கியப் பகுதி ‘லவ்’ என்ற தலைப்புள்ள ஒரு கவிதையோடு முடிகிறது. அன்பு வீட்டுக்காரராக நின்று உள்ளே வரச் சொல்கிறது. வந்தவன் தயங்குகிறான். நான் அழுக்கு, நன்றிகெட்டவன், உங்களை ஏறிட்டுப் பார்க்கவும் தகுதியில்லாதவன் என்கிறான். அன்பு அவன் கையைப் பிடித்து, சிரித்துக்கொண்டே, அந்தக் கண்ணைப் படைத்ததே நான்தானே என்கிறது. அவன் விடுவதில்லை: அந்தக் கண்ணை நான் கெடுத்துவிட்டேன், எனக்குத் தகுந்த இடத்துக்கே என் அவமானம் போகட்டும். கடைசியில், சரி, அப்படியானால் நான் பரிமாறவாவது செய்கிறேன் என்கிறான். அதுவும் கூடாது. உட்கார், சாப்பிடு. அவன் உட்கார்ந்து சாப்பிடுகிறான். அவ்வளவுதான் கவிதை.

வாசலில் நிற்பவனிடம் இங்கே விசுவாசப் பிரமாணம் கேட்கப்படவில்லை. தகுதியைப் பற்றிய பேச்சை எடுப்பது வந்தவன்தான், வீட்டுக்காரர் அல்ல. வாசலில் ஏழையிடம் கட்டளைகளை ஒப்பிக்கச் சொல்ல வேண்டும் என்று எழுதிய அதே கை இதையும் எழுதியிருக்கிறது. பக்தி இலக்கியம் எழுதும் பலரிடம் வாழ்க்கை சின்னதாகவும் வார்த்தை பெரியதாகவும் இருக்கும். அதைக் கண்டுபிடித்துக் குத்திக்காட்டுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. ஹெர்பர்ட்டிடம் நடந்தது வேறு என்று நினைக்கிறேன். கொடுக்கிற இடத்தில் உட்கார்ந்து எழுதும்போது மேலதிகாரியாகத்தான் யோசிக்கிறார். வாங்குகிற இடத்தில் தன்னை நிறுத்தி எழுதும்போதுதான் அவருக்கு உண்மை வருகிறது. கவிதைகள் அந்த உரைநடை நூலைவிட உயர்ந்தவை என்றால் காரணம் இதுதான், யாப்பு அழகு அல்ல.

இதைச் சொன்னால் நூலைக் குறைத்துப் பேசுகிறேன் என்று ஒரு நண்பர் சண்டைக்கு வந்தார். இல்லை. முன்னுரையிலேயே ஹெர்பர்ட் சொல்லிவிடுகிறார், இது நான் எட்டிய நிலை இல்லை, நான் குறிவைக்க வேண்டிய இலக்கு, எவ்வளவு உயரமாக வைக்க முடியுமோ வைக்கிறேன் என்று. முன்னுரையின் தேதி 1632, அச்சில் வந்தது 1652. அதற்குள் உள்நாட்டுப் போர் வந்து மன்னரின் தலை போய்விட்டது, ஜெப புத்தகம் தடை செய்யப்பட்டுவிட்டது, அவர் வர்ணித்த திருச்சபை சட்டப்படி இல்லாமலே ஆகிவிட்டது. படித்தவர்கள் அதை இழந்துபோன பொற்காலமாகப் படித்தார்கள். தனக்குத்தானே எழுதிய குறிப்பு எல்லோருக்கும் சட்டமானது அப்படித்தான். இன்றைக்கு ஆறேழு கோவில்களை ஒரே ஆளாகப் பார்த்துக்கொள்ளும் இங்கிலாந்துக் குருமார்கள், ஹெர்பர்ட்டைக் காட்டிக் காட்டியே எங்களைக் கொல்கிறீர்கள் என்று புலம்புவதிலும் நியாயம் இருக்கிறது. அவர் பார்த்துக்கொண்டது ஒரு சின்ன சேகரம், அதுவும் மூன்று வருஷத்துக்கும் குறைவாக.

படிக்க நினைப்பவர்களுக்கு: முன்னுரையும் 12-ஆம் அதிகாரமும் அந்த ஒரு கவிதையும் போதும், ஒரு மணி நேரம்கூட ஆகாது. கிழவி விஷயத்தில் நான் ரொம்பக் கடுமையாகப் பேசிவிட்டேன் என்று தோன்றினால் கமெண்டில் வாருங்கள், பேசுவோம். வால்டன் எழுதியதை மட்டும் வைத்துக்கொண்டு வராதீர்கள்.